திருப்பதியில் வைத்துப் பார்த்தோம்

எங்கள் வீட்டில் புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. நகரியில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். இருப்பது ஆந்திராவில், பேசுவது தமிழ், பெண் எடுப்பது பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், திருத்தணி பள்ளிப்பட்டு ஊர்களிலிருந்து. என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள். கல்யாணம் ஆனால் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கிப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும். என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அங்கயே இருக்கட்டும். பொங்கலுக்குப் பணம் குடுப்பான், சேல குடுப்பான், அரிசி ஃப்ரீ. இங்க நான் இருக்கறேன், எங்கம்மா இருக்குது. ரெண்டு கவுர்மெண்டுலயும் வாங்கிக்கலாம்."

இதை அவர் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் முக்கால்வாசி மருமகள்களின் பெயர் எல்லைக்கு அந்தப் பக்கமே குடியிருக்கிறது. ஆள் இங்கே, பெயர் அங்கே. வருஷத்துக்கு ஒரு முறை பஸ் ஏறிப் போய்க் கரும்பும் பணமும் வாங்கி வருவோம். போக வரச் செலவு, அம்மா வீட்டுக்கு வாங்கிப் போகிற பழம், வழியில் டிபன் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கரும்புதான். ஆனாலும் இரண்டு அரசாங்கத்தை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் எங்கள் வீட்டு ஆண்களின் முகத்தில் ஒரு வாரம் நிற்கும்.

வெகுநாள் கழித்து எனக்கு ஒரே ஒரு பெண் பிறந்தாள். பிரசவம் தாய்வீட்டில், அதனால் பிறப்புச் சான்றிதழும் தமிழ்நாடு. அவள் பெயரை எந்தக் கார்டில் சேர்ப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. அங்கேயே சேர்த்துவிடு, தலைக்கு இவ்வளவு என்று அரிசி கூடும் என்றார் என் கணவர். என் அண்ணன் பயந்தான். விசாரணைக்கு ஆள் வந்தால் உன் பெயரும் சேர்ந்து போய்விடும், கொஞ்ச நாள் போகட்டும் என்றான். கொஞ்ச நாள் போயிற்று. ஒன்றரை வயது வரை என் மகள் எந்த அரசாங்கத்தின் கார்டிலும் பிறக்கவே இல்லை.

அந்த வயதில்தான் அவளுக்குச் சளி பிடித்தது.

எங்கள் தெருவுக்கென்று ஒருவர் இருக்கிறார். ஆர்.எம்.பி. என்போம். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, யாரோ ஒரு டாக்டரிடம் சில வருஷம் பை தூக்கினவர். சலூன் கடையை ஒட்டி ஒரு அறை, அதில் ஒரு பெஞ்சு, பச்சைத் திரை. எல்லோரும் அவரை டாக்டரே என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவலிக்கு ஊசி, பேதிக்கு ஊசி, வயசுப் பெண் மயங்கி விழுந்தால் ஊசி. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் எங்கள் ஜனங்களுக்குக் காசு கொடுக்கக் கை வராது. அவருக்கு அது தெரியும். படிக்காமலே அவர் கற்றுக்கொண்ட ஒரே மருத்துவம் அதுதான்.

முதல் நாள் ஊசி போட்டு ஒரு சிரப் கொடுத்தார். இரண்டாம் நாள் வேறு சிரப். மூன்றாம் நாள் முதல் சிரப்பையும் இரண்டாவதையும் நிறுத்திவிட்டு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ஊசிக்குத் தனி, மருந்துக்குத் தனி. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். அங்கே குழந்தைக்கென்று படித்த டாக்டர் காலையில் உட்கார்ந்திருப்பார். நான் என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். "அங்க போனா பாரசிட்டமால குடுத்துத் தொரத்துவான். அதுவும் இல்லாம நாலு பேரு பாப்பாங்க" என்றார்.

நாலு பேர் பார்ப்பார்கள் என்பதற்காகவே எங்கள் வீட்டில் பாதிக் காரியங்கள் நடக்கும், மீதிக் காரியங்கள் நடக்காது.

ஐந்தாம் நாள் காலையில் குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பால் குடிக்க வாயைத் திறந்தாள், குடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே போயிற்று. என் கணவர் ஓடிப் போய் ஆர்.எம்.பி.யைக் கூட்டிவந்தார். அவர் பார்த்துவிட்டுக் கொஞ்சமும் பதறவில்லை. இப்படி ஆகும் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தார்.

"நிமோனியா மாதிரி தெரியுது. ஒடனே திருப்பதிக்கு எடுத்துகினு போவணும். எனக்குத் தெரிஞ்ச குழந்தைங்க ஆஸ்பத்திரி இருக்குது. நான் போன் போட்டா பெரிய டாக்டரே வந்து நிப்பாரு."

"அரசு ஆம்புலன்ஸுக்கு சொல்லட்டுமா டாக்டரே?" என்று கேட்டார் என் கணவர்.

"அவன் கவுர்மெண்டுக்குதான் கொண்டுபோய்த் தள்ளுவான். நான் கார் சொல்றேன், நானே கூட வரேன். க்ளினிக்க மூடிட்டு வரேன், பரவால்ல. நம்ம பாப்பா."

தெருவே நெகிழ்ந்து போயிற்று. மருத்துவம் பார்க்கிறவர் தன் பிழைப்பை விட்டுவிட்டுக் கூடவே வருகிறார் என்றால் சும்மாவா? என் மாமியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின் சீட்டில் நான் குழந்தையோடு, பக்கத்தில் என் கணவர். புத்தூர் தாண்டும்போது டாக்டர் டீ குடிக்கவில்லையே என்று என் கணவருக்குக் கவலை வந்துவிட்டது. எனக்குக் குழந்தையின் விலாவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. திருப்பதிக்குள் நுழைந்ததும் பெரிய அரசு ஆஸ்பத்திரியின் வாசலைக் கடந்துதான் போனோம். வாசலில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். ஆர்.எம்.பி. அந்தப் பக்கம் திரும்பாமல், "ட்ராஃபிக் பாத்துப் போப்பா" என்றார்.

அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியின் முகப்பில் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தையின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. உள்ளே எங்கள் நிறத்துக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. குழந்தையை என் கையிலிருந்து வாங்கி ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அன்று காலை அவளுக்கு ஆக்ஸிஜன் வேண்டியிருந்தது. அது எங்கே கிடைத்தாலும் ஆக்ஸிஜன்தான்.

கவுண்டரில் ஒரு பெண் தெலுங்கில் கார்டு கேட்டாள். அரசாங்கக் கார்டு இருந்தால் பெரும்பாலான செலவை அரசாங்கமே கட்டிவிடும். என் கணவர் பெருமையாக ரேஷன் கார்டை நீட்டினார். அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

"இதுல நீங்களும் உங்கம்மாவும்தான் இருக்கீங்க. பாப்ப பேரு ஏதி, எங்க?"

"பாப்பா பேரு இன்னும் சேக்கல."

"அம்மா பேரு?"

"அவ பேரு தமிழ்நாட்டுல இருக்குது."

"பாப்ப பர்த் சர்ட்டிபிகெட்?"

"அதுவும் தமிழ்நாடு."

அந்தப் பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப தமிழ்நாட்டுக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றாள். எங்களைப்போல எத்தனை பேரைப் பார்த்தாளோ. தமிழ்நாட்டுக்குப் போயிருந்தால் அங்கேயும் பாப்பா பெயர் எங்கே, தகப்பன் பெயர் எங்கே என்று கேட்டிருப்பார்கள். ஆர்.எம்.பி. முன்னால் வந்து, "கேஷ்தாம்மா, கேஷ் பேஷண்ட்" என்று அவசரமாகச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. கார்டில் வருகிற நோயாளியால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

கட்டுவதற்குக் கையில் இருந்தது போதவில்லை. என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். ஐசியூவுக்குள் நகை போடக்கூடாது என்று நர்ஸ் குழந்தையின் வெள்ளிக் கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தாள். என் கணவர் அதையும் வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். தன் வைத்தியத்துக்குத் தானும் ஒரு பங்கு போட்டவள் என் மகள்.

மறுநாள் சித்தூரிலிருந்து என் நாத்தனார் திராட்சைப் பழத்தோடு வந்தாள். என் கணவருக்கு அக்கா. அவள் பையனுக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து வேலூரில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு ஆன செலவை அவள் கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தொகை கொஞ்சம் வளர்ந்திருக்கும். பையன்கூட அவ்வளவு வேகமாக வளரவில்லை. வந்ததும் ஆஸ்பத்திரியின் ஏசியை நிமிர்ந்து பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பரவால்லடா தம்பி. நல்ல எடமாத்தான் போட்டிருக்கற. ஒரு நாளைக்கு எவ்ளோ?"

என் கணவர் சொன்னார்.

"எங்களுக்கு இதவிட ஜாஸ்தி" என்றாள். அதன் பிறகுதான் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

ஆர்.எம்.பி. போகவில்லை. ஒரு நாள் இருந்துவிட்டுப் போவார் என்று நினைத்தோம். லாட்ஜில் ரூம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் எங்கள் கணக்கில்தான். அவருக்கு மத்தியானம் பிரியாணி வேண்டும். மலைக்கு மொட்டை போட வந்த கூட்டம் நிறைந்த அந்த ஊரில் பிரியாணி தேடி என் கணவர் அலைந்தார். எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் லெமன் ரைஸ்.

மூன்றாம் நாள் காலை குழந்தைக்கு ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்க்க உள்ளே விட்டபோது கையை நீட்டி என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். நான் கொண்டுபோன இட்டிலியைப் பாதி தின்றாள். நர்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்குள் மீதியையும் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. அன்றைக்கு வார்டுக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன்.

மாற்றவில்லை. மாறாகப் புதிது புதிதாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் வந்து குழந்தையின் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். பால் குடித்த பிறகு நான் தட்டுவதுபோலத்தான். அதற்குப் பில்லில் ஒரு பெயர் இருந்தது, ஒரு தொகையும் இருந்தது. இன்னொருத்தி வந்து, குழந்தை என்ன சாப்பிடும் என்று என்னிடமே கேட்டுவிட்டு, கேழ்வரகுக் கஞ்சி கொடுங்கள் என்றாள். எங்கள் பக்கத்தில் கேழ்வரகு கொடுக்காமல் வளர்ந்த குழந்தை எது? அதற்கும் ஒரு பெயர், ஒரு தொகை.

அன்று சாயங்காலம் என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்று நாலு நாள் ஐசியூ ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு நான்கு தறி. கூலிக்கு ஓட்டுகிறோம். புத்தூரில் ஒருவர் ஒரு ஜோடியைக் கேட்டிருக்கிறார், நாளைக்கே வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

நான்கு தறி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியும். இரண்டு தறி என்றால் நூல் கொடுக்கிற முதலாளி எங்களை மதிக்கவே மாட்டார். வேறு ஒருவர் தறியில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். என் கணவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும், விற்கப் போகிறவர் முகத்தில் ஒரு பெரிய மனுஷக் களை இருந்தது. பிள்ளைக்காகத் தறியை விற்ற தகப்பன். தெருவில் சொல்லிக்கொள்ள நல்ல கதை.

எனக்கு எப்போதும் பேச்சு தொண்டை வரை வந்து நின்றுவிடும். எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனேன். தண்ணீர் டிரம் மேனேஜர் ரூமுக்குப் பக்கத்தில். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எங்கள் ஆர்.எம்.பி.யின் குரல், தெலுங்கில்.

"போயின நெல கேசுதி இங்கா ராலேது சார். ஈ பாப்பதி, அதி ரெண்டூ கலிபி இச்சேயண்டி."

போன மாதக் கேசுக்கு உரியது இன்னும் வரவில்லையாம். அதையும் இந்தப் பாப்பாவுக்கு உரியதையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டுமாம். முழு பில் ஆகட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் பதில் சொன்னார். ஆர்.எம்.பி. சிரித்தார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, இவள்தானே, வாயில்லாதவள்தானே என்று நினைத்திருப்பார்.

"தண்ணியா தங்கச்சி? புடி, புடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆள் மூன்று நாளாக எங்கள் பிரியாணியைத் தின்றுகொண்டு, என் குழந்தையின் ஒவ்வொரு நாளுக்கும் பங்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பல்லியைப் பார்த்தால் வருகிற அருவருப்புதான் வந்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் வந்து போவது காற்றடிப்பது போல. பின்னாலேயே இரண்டு சின்ன டாக்டர்கள், ஒரு நர்ஸ். குழந்தையின் கட்டிலருகே நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் குறுக்கே நின்றேன். எப்படி நின்றேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"ஆக்ஸிஜன் தீசேசினாரு கதா சார். இங்கா ஐசியூ எந்துக்கு?" ஆக்ஸிஜன்தான் எடுத்துவிட்டீர்களே, இன்னும் ஐசியூ எதற்கு?

"அப்சர்வேஷன்" என்றார்.

"வார்டுக்கு மாத்துங்க சார்."

"வார்டுல பெட் காலி இல்லம்மா."

"அப்ப நாங்க பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறோம். எழுதிக் குடுங்க."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரு கடைக்காரர், துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்க இஷ்டம். உங்க பொறுப்புல போறதா சைன் பண்ணிட்டுப் போங்க" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

வெளியே வந்து சொன்னதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏம்மா, ஒனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் நாத்தனார். "எங்க வூட்டுப் பொண்ண தர்மாசுபத்திரில போடுவியா? ஊரு சிரிக்காது?"

"ரிஸ்க்கு தங்கச்சி, ரிஸ்க்கு" என்றார் ஆர்.எம்.பி. "அங்க ஒரு கட்டில்ல ரெண்டு கொழந்தைங்க. வேற நோவு ஒட்டிக்கும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னக் கேக்கக்கூடாது."

என் கணவர், "தறிக்கு அவரு வண்டி எடுத்துகினு கெளம்பிட்டாரு" என்றார்.

"வர வேணாம்னு சொல்லுங்க."

"கொழந்தயவிட ரெண்டு இரும்பு பெருசாப் போச்சா ஒனக்கு?" நாத்தனார் குரலை உயர்த்தினாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெற்ற குழந்தைக்குச் செலவு பண்ண மனசில்லாத தாய். எத்தனை பேர் இந்தப் பார்வைக்குப் பயந்தே நிலத்தையும் மாட்டையும் விற்றிருப்பார்களோ தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அது ஓடுனாத்தான்க்கா அவ சோறு துன்னுவா" என்றேன். "நீங்க வந்து போடுவீங்களா தெனமும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பேசாதவள் பேசிவிட்டதில் அவளுக்கு வந்த அதிர்ச்சிதான் அது, நான் சொன்னது உறைத்தது என்று நான் நம்பவில்லை.

நான் திரும்பி ஆர்.எம்.பி.யைப் பார்த்தேன். "ஒங்களுக்கு எங்களால லாஸ் இல்ல டாக்டரே. இத்தினி நாளுக்கு உண்டானத வாங்கிகினே போங்க. மேனேஜர் ரூம்லதான் இருக்காரு."

அவர் முகம் வெளுத்தது. என் கணவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மக்கு இல்லை. நடந்த விஷயம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் மூன்று நாள் பிரியாணி வாங்கிக் கொடுத்த அசட்டுத்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். தறி வியாபாரியிடம், "இன்னிக்கு வேணாம்ணா, அப்புறம் சொல்றேன்" என்று பேசினது எனக்குக் கேட்டது. வேணாம் என்று அறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

அதுவரை கட்டியிருந்ததோடு கணக்கை முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். பெரியாஸ்பத்திரியில் குழந்தையின் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், தகப்பன் பெயர் கேட்டார்கள். எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். எந்தக் கார்டில் பெயர் இருக்கிறது என்று அந்த ஜன்னலில் யாரும் கேட்கவில்லை. அதற்காக அந்த இடத்தைக் கோயில் என்று சொல்ல வரவில்லை. ஆர்.எம்.பி. சொன்னது போலவே ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். கக்கூசுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். உள்ளே விட வாட்ச்மேன் கையை நீட்டினான், தரை துடைக்கிற அம்மா கையை நீட்டினாள், பெண் குழந்தைதானா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் குறைத்து நீட்டினாள். இருமல் மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். இலவசம் என்று போர்டு இருக்கிற இடத்திலும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கை இருக்கிறது. ஆனால் அந்தக் கைகளுக்கெல்லாம் தறியை விற்கத் தேவையில்லை.

தூக்கம் இல்லாத கண்களோடு ஒரு சின்ன டாக்டர் பெண் வந்தாள். குழந்தையின் முதுகில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டாள். பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்தாள். "சளி இன்னும் இருக்கு. இதே ஊசி இன்னும் மூணு நாள் போடணும். வார்டுலயே போதும்" என்றாள். மூன்று நாள் போட்டார்கள். நாலாம் நாள் போகச் சொல்லிவிட்டார்கள்.

நாத்தனார் ஒரு தடவைகூடக் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டாம் நாள் சித்தூர் பஸ் ஏறிவிட்டாள். என் கணவர் வந்தார், போனார், சாப்பாடு வாங்கி வந்தார். யாராவது போனில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால், "திருப்பதிலதான், திருப்பதில வெச்சிப் பாக்கறோம்" என்பார். எந்த இடம் என்று மீண்டும் கேட்டால் சிக்னல் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸும் பிரெட்டும் வர ஆரம்பித்தன. எங்கள் தெருவில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் கையில் ஐம்பதோ நூறோ வைப்பார்கள். அவர்கள் வீட்டில் நோய் வந்தால் நாம் அதைத் திருப்பி வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, எவ்ளோ ஆச்சு? என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார். "அதெல்லாம் எதுக்கு கேக்கற. பாப்பா பொழச்சா போதும்." கேட்டவர்கள் அதைப் பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டு மரியாதையோடு திரும்புவார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவர் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து ஆர்.எம்.பி. வந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட். நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். நடந்தது எதுவுமே நடக்காததுபோல இருந்தார். அவருக்கு வெட்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"இன்னாப்பா, பாப்பா சௌக்கியமா? நல்லதாப் போச்சு. எனக்குதான் கொஞ்சம் கஷ்டம். நாலு நாளு க்ளினிக் மூடிட்டேன். பேஷண்டெல்லாம் எதுத்த தெருவுக்குப் போய்ட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கல. ஒங்க இஷ்டம் பாத்து எதுனா செய்ங்க."

என் கணவரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. அது பழகின கை. யார் முன்னால் யார் உட்கார்ந்து கேட்டாலும் அது தானாகப் போகும்.

"குடுக்காதீங்க" என்றேன் சமையலறை வாசலில் நின்றபடியே.

"சும்மா இருடி."

"அந்த ஆஸ்பத்திரியில வாங்கினது போதும். இங்க ஒரு ரூபா குடுத்தா, நான் தெருவுல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுவேன், எங்க எவ்ளோ ஆச்சு, எங்க ஒண்ணும் ஆவலன்னு."

தெருவில் நின்று நான் ஒரு நாளும் பேசியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. என் கணவர் பயந்தது ஆஸ்பத்திரி பெயர் வெளியே வந்துவிடும் என்று. ஆர்.எம்.பி. பயந்தது தன் பங்கு வெளியே வந்துவிடும் என்று. என் கணவரின் கை சட்டைப் பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. ஆர்.எம்.பி. எழுந்தார். பிஸ்கட் பாக்கெட்டை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் வெளியே போனதும் என் கணவர் கத்தினார். "அவருகிட்ட மொறச்சிகினா நாளைக்கு கொழந்தைக்கு எதுனா ஒண்ணுன்னா எங்கடி போவ?"

"பஸ்ஸு இருக்குது. நம்மூரு ஆஸ்பத்திரிக்கு அதுகூட வேணாம், நடந்து போவேன். நாலு பேரு பாத்தா பாக்கட்டும். அந்தத் தறிக்காரருக்கும் போன் போட்டு முடிச்சி சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்ற பேச்சு வேணாம்."

அவர் போனை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று போன் பேசினார். திட்டுவது போன்ற குரலில்தான் பேசினார், ஆனால் இந்தத் தடவை வேணாம் என்றே சொன்னார். பிறகு பின்னால் போய்ச் சுவிட்சைப் போட்டார். ஒன்று, இரண்டு என்று நான்கு தறியும் ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் அவர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை.